பீனரி மேஜையில் யாருக்கெல்லாம் இடம்?

கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கடலுக்குள் நீளும் ஒரு மரப்பாலம் உண்டு. அதன் மேல் ஒரு ராட்டினக் கூடம். உள்ளே வட்டமாக மரக்குதிரைகள். காசு கொடுத்தால் குழந்தைகள் ஏறிச் சுற்றலாம். 1955-இல் அந்த ராட்டினத்தைச் சுற்றி நவீன ஓவியங்களை மாட்டி ஒருவர் கண்காட்சி நடத்தினார். பெயர் வால்டர் ஹாப்ஸ். வயது இருபதுகளின் தொடக்கம். மாட்டியிருந்தவை உருவம் ஏதும் புலப்படாத, வண்ணமும் வீச்சும் மட்டுமேயான ஓவியங்கள். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏன் ராட்டினக் கூடம்? பக்கத்தில் இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் அப்படிப்பட்ட படங்களை மாட்ட இடம் கொடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

அதே நகரம் அடுத்த பத்தே ஆண்டுகளில் அமெரிக்க நவீன கலையின் இரண்டாவது தலைநகர் என்று சொல்லும் அளவுக்கு மாறியது. அந்த மாற்றத்தின் கதையைச் சொல்லும் ஆவணப்படம், 2008-இல் வெளிவந்த ‘தி கூல் ஸ்கூல்’. இயக்கியவர் மார்கன் நெவில். பின்னணிப் பாடகிகளைப் பற்றிய ‘20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ படத்துக்காகப் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய அதே நெவில்தான். பின்னணிக் குரல் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸுடையது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸிலும் ஒளிபரப்பானது. கலையைப் பற்றிய ஆவணப்படம் என்றதும் கொட்டாவி வருகிறவர்களும் தைரியமாக உட்காரலாம். இதில் போலீஸ் ரெய்டு இருக்கிறது, கடன் இருக்கிறது, காதல் இருக்கிறது, நண்பரின் மனைவியை மணந்த கதையும் இருக்கிறது.

ஆனால் இந்தப் படத்தைப் பார்த்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சாஸேஜ் ரொட்டிக் காகிதத்தில் ஒப்பந்தம்

ஐம்பதுகளின் லாஸ் ஏஞ்சலிஸுக்கு சினிமா இருந்தது, விமானத் தொழிற்சாலைகள் இருந்தன, எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. கலைக்கென்று தனி அருங்காட்சியகம் நடத்த மட்டும் மாவட்ட நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. வரலாறு, அறிவியல், கலை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன; கலைக்கான தனிக் கட்டடம் 1965-இல்தான் திறந்தது. பணக்காரர்கள் ஓவியம் வாங்க நினைத்தால் நியூயார்க்குக்கு விமானம் ஏறினார்கள். உள்ளூர் ஓவியனும் பேர் வாங்க நினைத்தால் அதையேதான் செய்தாக வேண்டும்.

ஹாப்ஸ் அப்போதே பிரென்ட்வுட் பகுதியில் ஒரு சின்ன கலைக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். எட் கீன்ஹோல்ஸ் என்ற கலைஞர் அவருக்குக் கூட்டாளியாக அமைந்தார். இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஹாப்ஸ் மருத்துவர் குடும்பத்துப் பிள்ளை. கோட்டு, டை, கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி. கீன்ஹோல்ஸ் வாஷிங்டன் மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். தச்சு வேலை, ரிப்பேர் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தவர். தன் வண்டியில் பெயரை எழுதி, பக்கத்தில் ‘எக்ஸ்பர்ட்’ என்றும் எழுதிக்கொண்டவர். எதில் எக்ஸ்பர்ட் என்று எழுதவில்லை.

இருவரும் தெருவோரக் கடையில் ஹாட் டாக் தின்றுகொண்டே, அதைச் சுற்றிக் கொடுத்த காகிதத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டாளிகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1957 மார்ச்சில் லா சியனகா சாலையில், ஒரு பழம்பொருள் கடைக்குப் பின்னால், ஃபெரஸ் கேலரி திறந்தது. ஃபெரஸ் என்றால் லத்தீனில் ‘காட்டுத்தனமான’ என்று பொருள்.

பெயருக்கேற்ற வரவேற்பு சில மாதங்களிலேயே கிடைத்தது. வாலஸ் பெர்மன் என்ற கலைஞரின் முதல் கண்காட்சி. யாரோ புகார் கொடுக்க, போலீஸ் வந்தது. சுவரில் மாட்டியிருந்தவற்றில் ஆபாசம் எது என்று அவர்களுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு படைப்பின் அடியில் கிடந்த சின்னத்தாள் ஒன்றை எடுத்தார்கள். அதிலிருந்த ஓவியம் பெர்மன் வரைந்ததுகூட இல்லை; மார்ஜரி கேமரன் என்ற அவருடைய தோழி வரைந்தது. ஆனால் கைதானவர் பெர்மன். நீதிமன்றம் 150 டாலர் அபராதம் விதித்தது. நடிகர் டீன் ஸ்டாக்வெல் கட்டினார். பெர்மன் மூட்டை கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். கேலரிகளின் பக்கம் அதற்குப் பிறகு அவர் அதிகம் திரும்பவில்லை. ‘செமினா’ என்று கையால் அச்சிட்ட சிறுபத்திரிகை ஒன்றைத் தயாரித்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்பதே இதழ்கள். நம் ஊரில் சிறுபத்திரிகை நடத்தி நொடித்தவர்களுக்கு இந்த மனிதரை உடனே பிடித்துவிடும்.

கீன்ஹோல்ஸுக்குக் கடை நடத்துவதில் அலுப்புத் தட்டியது. 1958-இல் இர்விங் ப்ளம் என்பவர் 500 டாலர் கொடுத்து அவருடைய பங்கை வாங்கினார். நியூயார்க்கில் நோல் என்ற மேஜை நாற்காலி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் ப்ளம். நல்ல உயரம், கணீர்க் குரல், சினிமா நாயகனின் தோரணை. கேலரி தெருவின் எதிர்ப்புறத்துக்கு மாறியது. வெள்ளைச் சுவர், தரமான விளக்கு, அச்சிட்ட அழைப்பிதழ். காட்சிக்கு வைக்கும் கலைஞர்களின் எண்ணிக்கையை ப்ளம் கணிசமாகக் குறைத்தார். ஹாப்ஸுக்குக் கண், ப்ளமுக்குக் கல்லா. இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாலைந்து வருடங்கள்தான் ஃபெரஸின் பொற்காலம்.

உப்புத்தாளும் லாக்கரும்

நியூயார்க்கின் ஓவியர்கள் அப்போது எண்ணெய் வண்ணத்தைக் கேன்வாஸில் வீசியும் வழித்தும் தங்கள் ஆன்மாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடற்கரைப் பையன்கள் தேடியது வேறு கடைகளில். பெயின்ட் கடை, பிளாஸ்டிக் பட்டறை, விமான உதிரிபாகக் கிடங்கு.

ஒரு சர்ஃப் பலகை எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இந்தக் கலையின் பாதி புரிந்துவிடும். நுரைக்கட்டையைச் செதுக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள். மறுபடி ஒரு பூச்சு. மறுபடி, இன்னும் நைஸான உப்புத்தாள். கையால் தடவினால் எங்கும் தட்டக்கூடாது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் உடையாமல் ஓட வேண்டும். ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால் முழு வேலையும் கெட்டது. இந்தக் கண்டிப்போடு வளர்ந்த ஒருவன் ஓவியத்துக்கு வந்தால், தூரிகைத் தடம் அவன் கண்ணுக்கு அழுக்காகத்தான் தெரியும்.

பில்லி அல் பெங்ஸ்டன் அப்படி வந்தவர். சர்ஃபர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1961-இல் ஃபெரஸில் அவர் வைத்த கண்காட்சி முழுக்கத் தன் பிஎஸ்ஏ பைக்கின் பாகங்கள்தான். பிறகு ராணுவச் சட்டைக் கையில் இருக்கும் ‘வி’ வடிவப் பட்டையை எடுத்துக்கொண்டு, கேன்வாஸை விட்டுவிட்டு மரத்தூள் அட்டைப் பலகையில் ஸ்ப்ரே துப்பாக்கியால் லாக்கர் அடித்தார். பைக்கின் பெட்ரோல் டேங்க்கைப் பளபளக்க வைக்கும் அதே வேலை, அதே பொருள். அடுத்து அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் நசுக்கி, நசுங்கலின் மேல் பெயின்ட் அடித்தார். 1968-இல் மாவட்ட அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி வைத்தபோது அரங்கை அமைத்தவர், பிற்பாடு உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி. கண்காட்சிக் கையேட்டின் அட்டைக்கு உப்புத்தாள்! அலமாரியில் பக்கத்துப் புத்தகத்தைச் சுரண்டிவிடும் புத்தகம். அதை வடிவமைத்தவர் ஓவியர் எட் ருஷே.

கென் பிரைஸும் சர்ஃபர்தான். 1961-இல் அவருடைய கண்காட்சி விளம்பரத்தில் பீங்கான் படைப்பு எதையும் காணோம். இரு கைகளையும் உயர்த்தியபடி அலைமேல் நிற்கும் அவர் மட்டும் இருந்தார். செய்தது முட்டை வடிவப் பீங்கான்களும் கோப்பைகளும். கைக்கு அடங்கும் பொருள்களுக்குச் சிற்பத்துக்குரிய மரியாதையை வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கிரெய்க் காஃப்மன் விளம்பரப் பலகை செய்யும் பட்டறைக்குப் போய், சூடேற்றிய அக்ரிலிக் தகட்டைக் காற்று உறிஞ்சி அச்சில் படியவைக்கும் வேலையைக் கற்றார். தகட்டின் பின்பக்கம் வண்ணம் அடித்ததால் ஓவியம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும். லாரி பெல் சட்டம்போடும் கடையில் வேலை பார்த்தபோது கிடைத்த கண்ணாடித் துண்டுகளில் தொடங்கியவர். வெற்றிடத்தில் உலோக ஆவியைக் கண்ணாடிமேல் படியவைக்கும் தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். நகர்ந்து நகர்ந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, இல்லை, மறுபடி இருக்கிறது. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு அட்டையில் இருக்கும் முகங்களில் அவருடையதும் ஒன்று. வாலஸ் பெர்மனும் அதே அட்டையில் இருக்கிறார்.

இவர்கள் அத்தனை பேரிலும் தொலைதூரம் போனவர் ராபர்ட் இர்வின். லாங் பீச்சில் பிறந்தவர். குதிரைப் பந்தயத்தில் பந்தயம் கட்டிச் சம்பாதித்துக்கொண்டே ஓவியம் செய்தவர். முதலில் அடர்த்தியான வண்ணங்கள். பிறகு சில கோடுகள். பிறகு வெள்ளைப் பரப்பில் கண்ணுக்கே தெரியாத அளவில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். தள்ளி நின்றால் வெறும் வெள்ளை. ஐந்து நிமிடம் பொறுத்து நின்றால் காற்று அதிர்வதுபோல் ஏதோ நடக்கும். இதைப் புகைப்படம் எடுத்தால் ஒன்றுமே வராது என்பதால் தன் படைப்புகளைப் படமெடுக்கப் பல ஆண்டுகள் அவர் அனுமதிக்கவில்லை. கடைசியில் ஓவியத்தையே விட்டுவிட்டு, அறைக்குள் விழும் வெளிச்சத்தை மட்டும் பொருளாக எடுத்துக்கொண்டார். கேமராவுக்கு அகப்படாத கலையை ஆவணப்படத்தில் எப்படிக் காட்டுவது? நெவில் திணறும் இடம் இது. இர்வின் பேசுவதைக் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடப் பொறுமையை எந்தப் படத்தொகுப்பாளரும் தரமாட்டார்.

சந்தைக்கு வந்த சூப்

ஓக்லஹோமாவிலிருந்து 18 வயதில் கார் ஏறி வந்த ருஷே, சொந்த ஊருக்குப் போய்வரும் நெடுஞ்சாலையின் பெட்ரோல் பங்க்குகளைப் படமெடுத்து 1963-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். உள்ளே 26 பங்க்குகள், ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பிட்டு ஒரு வரி. வேறொன்றும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் புத்தகத்தை ஏற்கவில்லை. ருஷே அதை மறைக்கவில்லை. நிராகரிக்கப்பட்ட புத்தகம் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். இன்று கலைஞர் நூல் என்ற வகைக்கே அதுதான் மூலவர்.

1962 ஜூலையில் ஆன்டி வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்கள் ஃபெரஸுக்கு வந்தன. நியூயார்க்கில் விளம்பரப் படம் வரைந்து நல்ல பணம் பார்த்துக்கொண்டிருந்த வார்ஹோலுக்கு ஓவியராகத் தனிக் கண்காட்சி வைக்க அங்கே வாய்ப்பு அமையவில்லை. ப்ளம் பலமுறை சொன்ன கதை இது: தயங்கிய வார்ஹோலிடம், ‘எங்கள் கேலரிக்கு சினிமா நட்சத்திரங்கள் வருவார்கள்’ என்று சொன்னாராம், உடனே சம்மதம். உண்மையில் வந்துகொண்டிருந்த நட்சத்திரம் பெரும்பாலும் டென்னிஸ் ஹாப்பர் ஒருவர்தான்.

கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் வகைகள் 32. ஓவியங்களும் 32. மளிகைக்கடை அலமாரிபோலச் சுவரில் குறுகலான தட்டு அடித்து வரிசையாக நிற்க வைத்தார் ப்ளம். ஒன்றின் விலை 100 டாலர். தெருவில் இன்னொரு கேலரிக்காரர் நிஜ சூப் டப்பாக்களை ஜன்னலில் அடுக்கிவைத்து, இங்கே விலை மலிவு என்று எழுதிப்போட்டார். ஊரே சிரித்தது. விலைபேசப்பட்டவை சில மட்டும். அவற்றில் ஒன்று ஹாப்பருடையது. அப்போதுதான் ப்ளமுக்கு உறைத்தது: இவை பிரிந்து போகக்கூடாது. விலைபேசியவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கினார். மொத்தத்தையும் 1,000 டாலருக்குத் தானே எடுத்துக்கொள்வதாக வார்ஹோலிடம் பேசி, மாதம் 100 டாலர் வீதம் பத்துத் தவணையில் கட்டினார். 1996-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றை அவரிடமிருந்து வாங்கியபோது, பாதி நன்கொடை பாதி விற்பனை என்ற கணக்கில், கைமாறிய தொகை சுமார் 1.5 கோடி டாலர்.

கண்காட்சி நடந்த அதே ஆண்டில் ஹாப்ஸ் பசடீனா கலை அருங்காட்சியகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். 1963-இல் அங்கே மார்செல் துஷாம்புக்கு ஒரு முழு நோக்குக் கண்காட்சி வைத்தார். சிறுநீர்க் கோப்பையைச் சிற்பம் என்று சொல்லி ஐரோப்பிய, அமெரிக்கக் கலையுலகைப் புரட்டிப்போட்ட அந்த மனிதருக்கு அப்போது வயது 76. அதுவரை உலகில் எந்த அருங்காட்சியகமும் அவருக்கு அப்படியொரு கண்காட்சி வைத்ததில்லை. பாரீஸோ நியூயார்க்கோ செய்யவேண்டியதை ஒரு புறநகர் அருங்காட்சியகம் செய்தது. அந்த அரங்கில் துஷாம்ப் சதுரங்கம் ஆட, எதிரே ஆடையின்றி அமர்ந்து காய் நகர்த்தும் 20 வயதுப் பெண்ணின் புகைப்படம் உலகப் பிரசித்தம். அவர் ஈவ் பாபிட்ஸ். திறப்பு விழாவுக்கு ஹாப்ஸ் தன்னை அழைக்காத கோபத்தில் அதற்குச் சம்மதித்ததாகப் பின்னாளில் எழுதினார். நல்ல எழுத்தாளராகவும் ஆனார். புகைப்படத்தில் அவர் முகம் தெரியாது. கூந்தல் மறைத்திருக்கும்.

அந்த மேஜை

இந்தக் கூட்டத்தின் உண்மையான தலைமையகம் பார்னிஸ் பீனரி என்ற பார். மலிவான பீன்ஸ், பீர், கடன் கணக்கு. கேலரி மூடியதும் எல்லோரும் அங்கேதான். கீன்ஹோல்ஸ் 1965-இல் அந்த பாரையே கலைப்படைப்பாகச் செய்தார். உள்ளே நுழைந்து நடக்கலாம்; பேச்சொலி ஒலிநாடாவில் ஓடும்; வாடிக்கையாளர்களின் முகங்களுக்குப் பதில் கடிகாரங்கள், எல்லாம் பத்து மணி பத்து நிமிடத்தில் நிற்கும். வாசலில் இருக்கும் நாளிதழின் தலைப்பில் மட்டும் வியட்நாம். நேரம் நின்றுபோன குடிகாரர்கள் உள்ளே, போர் வெளியே. அது இன்று ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறு ஆண்டு அவர் பெயர் நகரம் முழுக்க அடிபட்டது. பழைய டாட்ஜ் காரின் பின்னிருக்கையில் காதலர்கள் இருவர் பின்னிக் கிடக்கும் சிற்பம். உடல்கள் கோழி வலையாலும் பிளாஸ்டராலும் ஆனவை. புதிதாகத் திறந்திருந்த மாவட்ட அருங்காட்சியகத்தில் அதை வைக்கக்கூடாது, கண்காட்சியையே மூடவேண்டும் என்று மாவட்ட நிர்வாகக் குழு மல்லுக்கட்டியது. கடைசியில் ஒரு சமரசம்: கார்க் கதவு சாத்தியிருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர் கேட்டால், அறையில் சிறுவர்கள் இல்லையென்றால், காவலாளி திறந்து காட்டுவார். அப்புறம் கேட்க வேண்டுமா? கூட்டம் வரிசைகட்டி நின்றது. 1981-இல் அதே அருங்காட்சியகம் அந்தச் சிற்பத்தை விலைக்கு வாங்கியது. கீன்ஹோல்ஸ் 1994-இல் இறந்தபோது அவரை 1940-ஆம் ஆண்டு பக்கார்டு காரின் முன்னிருக்கையில் உட்காரவைத்து, பையில் ஒரு டாலரும் சீட்டுக்கட்டும் வைத்து, காரோடு புதைத்தார்கள். இறுதிச் சடங்கையும் படைப்பாக்கியவர்.

ஃபெரஸ் 1966-இல் மூடியது. சண்டை, பணமுடை, சலிப்பு மூன்றும் சேர்ந்தன. ஹாப்ஸ் மாத்திரைகளின் பிடியில் உடைந்து பசடீனா வேலையை இழந்தார். அவருடைய மனைவி ஷெர்லி, ஹாப்ஸை விட்டுப் பிரிந்து ப்ளமை மணந்தார். கேலரியின் மாடியில் அலுவலகம் வைத்திருந்த ‘ஆர்ட்ஃபோரம்’ பத்திரிகை 1967-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. கூட்டத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த ஓவியர் ஜான் ஆல்டூன், மனநோயோடு போராடியவர், 1969-இல் 43 வயதில் மாரடைப்பில் போனார். நெவிலின் படம் இந்தப் பகுதியைப் பூசி மெழுகாமல் சொல்கிறது. ஹாப்ஸ் 2005-இல் இறந்துவிட்டார். ஆனாலும் படம் நெடுகிலும் நிறைந்திருப்பவர் அவர்தான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்வி. பீனரி மேஜையில் யார் இல்லை?

1964-இல் ஃபெரஸ் நடத்திய ஒரு கண்காட்சியின் பெயர் ‘தி ஸ்டட்ஸ்’. பொலிகாளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபெரஸின் இன்னொரு ஓவியரான மோசஸ், அவரோடு இர்வின், பிரைஸ், பெங்ஸ்டன். விளையாட்டாக வைத்த பெயர்தான். விளையாட்டில்தான் மனம் வெளிப்படும். ஃபெரஸில் முதல் தனிநபர் கண்காட்சி சோனியா கெக்டாஃப் என்ற பெண்ணுடையது. ஜே டிஃபியோ என்ற இன்னொரு பெண்ணும் அங்கே தன் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தவர். ப்ளம் பட்டியலைக் குறைத்துக் கேலரியைப் பளபளப்பாக்கிய பிறகு அந்தச் சுவர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை ஆயின. பளபளப்பின் விலையில் இதுவும் சேர்த்தி.

ஊரின் இன்னொரு மூலையில் 1965 ஆகஸ்ட்டில் வாட்ஸ் பகுதி எரிந்தது. கறுப்பின மக்களின் கொந்தளிப்பு ஆறு நாள் நீடித்தது. 34 பேர் இறந்தார்கள். நோவா பியூரிஃபாய் என்ற கலைஞர் நண்பர்களோடு சேர்ந்து, எரிந்த கடைகளின் சிதிலங்களைப் பொறுக்கி, மறு ஆண்டு ‘நியானின் 66 அடையாளங்கள்’ என்று கண்காட்சி வைத்தார். உருகிய நியான் விளக்குகள், கருகிய மரம், வளைந்த தகடு. பெங்ஸ்டன் பளபளக்க வைத்த அதே நகரத்தின் உலோகம்தான் இதுவும்.

1972-இல் மாவட்ட அருங்காட்சியகத்தில் மெக்சிக வம்சாவளியினரின் கலை ஏன் இல்லை என்று ஹாரி காம்போவா என்ற இளைஞர் கேட்டார். அவர்கள் நாட்டுப்புறக் கலை செய்வார்கள், இல்லாவிட்டால் அடிதடிக் கும்பலில் சேருவார்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. காம்போவாவும் ‘ஆஸ்கோ’ குழு நண்பர்களும் இரவோடு இரவாக அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் தங்கள் பெயர்களை ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுதினார்கள். கட்டடம் முழுவதும் தங்கள் படைப்பு என்று அர்த்தம். விடிந்ததும் எடுத்த புகைப்படத்தில் அந்தப் பெயர்களுக்கு மேலே நிற்பவர் குழுவின் ஒரே பெண்ணான பாட்சி வால்டஸ். அவர் பெயர் மட்டும் சுவரில் இல்லை. 2011-இல் அதே அருங்காட்சியகம் ஆஸ்கோவுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது.

இந்த லாஸ் ஏஞ்சலிஸைப் பார்க்க வேண்டுமானால் வேறொரு ஆவணப்படம் இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வார்தா எடுத்து 1981-இல் வெளிவந்த ‘மூர் மூர்’. ‘சுவர்கள்’ என்றும் ‘முணுமுணுப்பு’ என்றும் இரண்டு பொருள் தரும் தலைப்பு. நகரின் சுவரோவியங்களையும் அவற்றை வரைந்தவர்களையும் தேடித் தேடிப் போகிறார் வார்தா. பன்றி இறைச்சித் தொழிற்சாலைச் சுவரில் பன்றிகள் புல்வெளியில் துள்ளி விளையாடும் ஓவியத்தைக் காட்டும் துணிச்சல் அவருக்கு உண்டு. ஆஸ்கோ குழுவினரும் அந்தப் படத்தில் வருகிறார்கள். நெவிலின் படத்தில் நட்பு அதிகம், வார்தாவின் படத்தில் நகரம் அதிகம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடுவது பாதி ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்புவதுபோல. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், இந்தக் கட்டுரையின் ஓட்டு வார்தாவுக்கு.

ஆனால் மேஜைக்கான சரியான பதில் எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்த ஒரு பெண், ஸ்ப்ரே பெயின்ட் கற்றுக்கொள்ள கார் பாடி வேலை சொல்லித்தரும் பள்ளியில் சேர்ந்தார். டிங்கரிங், பெயின்டிங் கற்க வந்த ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். 1964-இல் ஒரு காரின் பானெட்டில் லாக்கர் அடித்து ஓவியம் செய்தார். பெங்ஸ்டன் செய்ததற்கு எந்த விதத்திலும் குறையாத வேலை. அந்த பானெட் இன்று ஸ்டாக்ஹோமின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பெயர் அப்போது ஜூடி கெரோவிட்ஸ். 1970-இல் அதைத் துறந்து ஜூடி சிகாகோ ஆனார். குத்துச்சண்டை மேடையில் கையுறையோடு நிற்கும் தன் படத்தை ‘ஆர்ட்ஃபோரம்’ பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார்.

1974 முதல் 1979 வரை, ராட்டினக் கூடம் இருந்த அதே சாண்டா மோனிகாவில், நூற்றுக்கணக்கானவர்களின் உதவியோடு அவர் ஒரு மேஜை செய்தார். முக்கோண வடிவம், ஒவ்வொரு பக்கமும் 48 அடி. வரலாற்றிலும் புராணத்திலும் இருந்து 39 பெண்களுக்கு அதில் இடம். ஆளுக்கொரு பீங்கான் தட்டு, கையால் தைத்த விரிப்பு. கீழே தரையில் இன்னும் 999 பெயர்கள். ‘தி டின்னர் பார்ட்டி’ என்ற அந்தப் படைப்பு முதலில் காட்சிக்கு வந்தது சான் பிரான்சிஸ்கோவில். லாஸ் ஏஞ்சலிஸின் ஹாமர் அருங்காட்சியகம் அதைக் காட்டியது 1996-இல். 2007 முதல் அந்த மேஜை நியூயார்க்கில், புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது.